கம்பளி போர்த்திய கார்

கொழும்பில் மகள் வீட்டில் ஏசி இல்லாமல் யாருக்கும் தூக்கம் வராது. எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் பேத்தியின் அறையில்தான் எனக்கும் கட்டில் போட்டிருக்கிறார்கள் என்பதால் வாயைத் திறக்காமல் போர்வைக்குள் சுருண்டுகொள்வேன். போன வாரம் ஒரு நாள் காலையில் பேத்தி கண்ணாடிக்கு முன்னால் நின்று தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. எண்ணெய் வெள்ளை வெளேரென்று இறுகிப் போயிருந்தது. "தாத்தா, இது பழுதாப் போச்சு" என்று சொல்லி, குப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

நான் எழுந்து போய் அதை எடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தேன். எனக்கு மட்டும் அதில் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்தது. சிரிக்காதீர்கள். இந்த எண்ணெய்தான் ஒரு தை மாதத்துக் காலையில் என் கல்யாணத்தை நடுரோட்டில் நிறுத்தி வைத்தது.

எழுபதுகளின் நடுவில் நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தங்கியிருந்தது டவுனில், அப்புஹாமி என்ற சிங்களவரின் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில். பங்குக்கு ஸ்டீபன் இருந்தான். ரயில்வே ஸ்டேஷனில் சாமான் ஏற்றி இறக்கும் கொட்டகையில் கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டான். பூசை முடிந்து வந்ததும் வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு எதையாவது கழற்ற உட்கார்ந்துவிடுவான். மணிக்கூடு, ரேடியோ, மண்ணெண்ணெய் அடுப்பு, எது கையில் அகப்பட்டாலும் சரி. திரும்பப் பூட்டும்போது எப்படியும் இரண்டு திருகாணி மிஞ்சும். "மிஞ்சட்டும் மச்சான், ஸ்பெயாருக்கு ஆகும்" என்பான். நானும் அந்த ஜாதிதான். என்ன, எனக்கு மூன்று மிஞ்சும்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயம் அது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு சின்னத்துரை விட்டுப்போன பழைய மொரிஸ் மைனர் ஒன்று பங்களாவின் கோழிக்கூட்டுக்குள் நிற்பதாகக் கேள்விப்பட்டோம். போய்ப் பார்த்தால் பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பங்களா காவல்காரர், குஞ்சு பொரிக்கும்வரை காரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் சம்பந்தி வீட்டார் மாதிரி வாரா வாரம் போய் விசாரித்துவிட்டு வந்தோம். கடைசியில் குஞ்சுகள் இறங்கின, லொறியில் கயிறு கட்டிக் காரை இழுத்து வந்து அப்புஹாமி கடைக்குப் பின்னால் நிறுத்தினோம்.

நாட்டில் அப்போது வெளிச் சாமான் எதுவும் வராது. பாண் ரொட்டிக்கே கியூ. காருக்குச் சாமான் என்று கேட்டால் கடைக்காரர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். அதனால் கையில் கிடைத்ததை வைத்துத்தான் எல்லாம். தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்த இடத்தில் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துப் போட்டோம். கால் வைக்கிற இடத்தில் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் ரகமும் கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை மடித்து வெட்டி, புகை கசிந்த இடங்களில் வைத்து இறுக்கினோம். கார் சூடேறினால் உள்ளே தேயிலை வாசம் வரும். கோழி வாசமும் வரும். அதை மட்டும் கடைசிவரைக்கும் போக்க முடியவில்லை.

உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அந்தக் காரில் போக வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. ஸ்டேஷன் ஸ்டீபனுக்குக் கூப்பிடு தூரம், எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு பஸ். ஓடுமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஓடினால் ஏன் ஓடுகிறது, நின்றால் ஏன் நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். அந்தக் காரின் கார்பரேட்டர் தலையில் பித்தளை மூடி போட்ட ஒரு சின்னக் குழாய் உண்டு. அதற்குள் ஒரு தேக்கரண்டி மெல்லிய எண்ணெய் இருக்கும். நாம் மிதிக்க மிதிக்க, உள்ளே ஒரு பிஸ்டன் அந்த எண்ணெயில் வழுக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். அது ஏறினால்தான் இன்ஜினுக்கு மூச்சு. ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஸ்டீபன் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணிப் பூட்டியிருக்கிறான். மெல்லிய எண்ணெய்க்கு எங்கே போவது? மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் இருந்தது. "தலை காயவிடாதே" என்று அவன் அம்மா கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய். நாங்களோ நாகரிகம் முற்றி, தலைக்குக் கிரீம் போட்டுப் பளபளவென்று அலைந்த ஆட்கள். அந்தப் போத்தலை யாரும் தொட்டதில்லை. அடுப்புச் சூட்டிலேயே நின்றதால் அது என்றைக்கும் தண்ணீராகவே இருந்தது. அதில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றிவிட்டான். நான் வந்ததும், "எல்லாத்துக்கும் எண்ண விட்டாச்சு மச்சான்" என்றான். என்ன எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. அவனும் மறந்துவிட்டான்.

அன்று சாயந்திரம் கார் குதிரை மாதிரி ஓடியது. அடுத்த நாள் சாயந்திரமும் ஓடியது. நாங்கள் வேலை முடிந்து வந்து சாயந்திரத்தில்தான் ஓட்டுவோம் என்பதால் ஒரு மாதம் எங்கள் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. பிறகு ஒரு லீவு நாள் காலையில் எடுத்தோம். முன்னால் செருகிய கைப்பிடியைச் சுற்றியதும் ஸ்டார்ட் ஆனது. சும்மா நிற்கும்போது நல்ல பிள்ளையாக உறுமியது. காலை வைத்து மிதித்ததும் இருமி, கறுப்புப் புகை கக்கிச் செத்துப்போனது. மத்தியானம் எடுத்தால் ஓடியது. மறுநாள் காலையில் மறுபடியும் இருமல்.

தலவாக்கலை முழுக்க வைத்தியம் சொன்னது. பனியில் வயர் நனைகிறது என்றார்கள். வயரை எல்லாம் அடுப்புச் சூட்டில் காயவைத்து மெழுகு தடவினோம். பெட்ரோலில் தண்ணீர் என்றார்கள். தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தோம். கடைக்கு வரும் ஒருவர், "அந்தத் துர பத்து மணிக்கு முந்தி எந்திரிக்கவே மாட்டாருங்க, காரும் அப்புடியே பழகிருச்சு" என்று விஷயத்தை முடித்துவைத்தார். அப்புஹாமி மட்டும் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே தினமும் ஒன்றையே சொல்வார்: "சீத்தலய் மாத்தயா, சீத்தலய்." குளிர், ஐயா, குளிர். கொடுமை என்னவென்றால் மனிதர் சொன்னது சரி. குளிர்வது எது என்பதுதான் அவருக்கும் தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்மா என்ற டீச்சர் கணக்கும் தையலும் படிப்பித்தாள். டயகம பக்கத்தில் ஒரு தோட்டத்து ஃபெக்டரியின் டீமேக்கர், அதாவது கொழுந்தைத் தேயிலைத் தூளாக்கும் பொறுப்பு முழுவதையும் கையில் வைத்திருக்கும் பெரிய உத்தியோகத்தரின் இரண்டாவது மகள். நான் காலையில் கறுத்த நகங்களோடு போய் உட்கார்ந்தால், மற்ற ஆசிரியர்கள் மூக்கைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் மட்டும் திருத்திக்கொண்டிருந்த கொப்பியை மூடிவிட்டுக் கேட்பாள்:

"என்னவாம் அதுக்கு?"

மாட்டுக்குச் சுகமில்லை என்றால் விசாரிக்கிற மாதிரி இருக்கும். நான் சொல்லத் தொடங்குவேன். அவள் விடமாட்டாள். மத்தியானம் நிழலில் நிறுத்தினால் எப்படி? மழை நாளில் எப்படி? "நீங்க எல்லாத்தையும் ஒரேயடியா மாத்துறீங்க சேர். அப்புறம் எதனால ஓடுச்சுன்னு எப்புடித் தெரியும்? ஒவ்வொண்ணா மாத்துங்க" என்பாள். அவள் சொன்ன யோசனைதான் கம்பளி. கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்கும் குளிருக்கும் தலையில் போடுகிற கனத்த கம்பளி இரண்டை வாங்கி, இரவில் இன்ஜினுக்கு மேலே போர்த்திவைத்தோம். சில நாள் காலையில் கார் ஓடியது, சில நாள் ஓடவில்லை. ஓடிய நாட்களில் நான் பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போவேன், செய்தி சொல்ல. அந்த ஓட்டம் காருக்காக இல்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. ஸ்டீபனுக்கு முன்பே புரிந்திருந்தது. "கார் ஓடலைன்னாலும் நீ நல்லா ஓடுற மச்சான்" என்றான்.

பெண் கேட்டுப் போனோம். டீமேக்கர் ஐயா வாட்டசாட்டமான ஆள். கொழுந்தைக் கையில் எடுத்துக் கசக்கி மோந்து பார்ப்பதுபோலவே என்னையும் பார்த்தார்.

"மாஸ்டர் தங்கமான மனுசன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா எப்ப வந்தாலும் காருக்கு அடியில உங்க காலு மட்டுந்தான் தெரியுதாம்" என்றார்.

சம்மதித்தார். முகூர்த்தம் அதிகாலையில் அமைந்தது. அட்டனில் வாடகைக் கார் பேசி அனுப்புகிறேன் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"வேணாங்க, எங்க காரு இருக்கு."

"அது காலையில ஓடாதுன்னு தலவாக்கலையே சொல்லுதே."

"ஓடுங்க."

"மாஸ்டர், மூத்தவ கல்யாணத்துல மாப்ள வீட்டுக்காரங்க முகூர்த்தம் தப்பித்தான் வந்தாங்க. அவ இன்னைக்கு வரைக்கும் படுறா. இந்த வாட்டி நேரம் தப்புச்சுன்னா, நான் பத்மாவ மணவறையில இருந்து எழுப்பி உள்ளுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் பேச்சே இல்ல."

சிரித்துக்கொண்டே சொன்னார் என்று வெளியே வந்து ஸ்டீபனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவேயில்லை என்றான் ஸ்டீபன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சொந்தக்காரர்கள் எல்லாரும் லொறியில் டயகமவுக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை முதல் நாளே பெண் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வதா என்று, கல்யாணத்துக்கு ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா என்னை விடவில்லை. அன்று காருக்கு நான்கு கம்பளி. ஸ்டீபன் தன் படுக்கைக் கம்பளியையும் கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு நடுங்கிக்கொண்டு படுத்தான். விடிவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணினோம். சும்மா நின்று உறுமியதைப் பார்த்து அம்மா தட்டோடும் கூடையோடும் பின் சீட்டில் ஏறினார்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போவது அந்தக் காலத்து மலைநாட்டுப் பழக்கம். நாங்களும் கடை வாசலிலிருந்தே அப்படி உருண்டோம். காற்று ஊசி மாதிரி. பாலம் தாண்டி ஏற்றம் வந்தது. ஸ்டீபன் இன்ஜினைக் கிளப்பி மிதித்தான். இருமல், கறுப்புப் புகை, மௌனம்.

எத்தனை தரம் சுற்றினோம் என்று தெரியாது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, தலைப்பாகையை ஸ்டீபன் தலையில் வைத்துவிட்டு நான் கைப்பிடியைச் சுற்றினேன். கிளம்பும், மிதித்தால் சாகும். வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பனிக்குள்ளிருந்து வந்து சுற்றி நின்றார்கள். "மாப்ள, நடந்தே போயிரலாம், வாங்க!" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒரு வளைவுவரை தள்ளியும் விட்டார்கள். அதற்கு மேல் ஏறவில்லை. கிழக்கே மலை விளிம்பு வெளுக்கத் தொடங்கியிருந்தது. மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பத்மாவின் முன்னால் டீமேக்கர் ஐயா வந்து நிற்பது அப்படியே தெரிந்தது. அழுதுவிடுவேன் போலிருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அம்மா காரிலிருந்து இறங்கினார். "ரோதமுனிக்கு ஒரு வெளக்கு வெச்சிருக்கணும்டா. கேட்டீங்களா?" என்றார். தேயிலை ஃபெக்டரியில் இயந்திரங்களைக் காக்கிற சாமி ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். புது இயந்திரம் வந்தால் அவருக்குப் பூசை வைக்காமல் பெல்ட்டை மாட்டமாட்டார்கள். இது கார் அம்மா, ஃபெக்டரி இல்லை என்றேன். "நாலு ரோதை இருக்குல்ல? அப்ப அவரு கணக்குதான்" என்றார். ரோட்டோரத்தில் ஒரு கல்லைத் துடைத்துத் திருநீறு பூசி, கூடையிலிருந்து அகல்விளக்கை எடுத்து வைத்து, எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"சனியன், கட்டியாப் போச்சு. இந்தா ஸ்டீபன் தம்பி, இத அந்தச் சூட்டுல கொஞ்சம் வையி."

இவ்வளவு போராட்டத்தில் ரேடியேட்டர் மட்டும் நன்றாகச் சூடேறியிருந்தது. ஸ்டீபன் போத்தலை அதன் மேல் வைத்துவிட்டு, மாப்பிள்ளைத் தலைப்பாகையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அடியில் எண்ணெய் தெளிந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மிதந்தது. ஸ்டீபன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"மாதாவே! மச்சான், நான் அதுக்குள்ள ஊத்துனது தேங்காண்ண."

பித்தளை மூடியைத் திறந்து இழுத்தோம். உள்ளே மெழுகுதிரி மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. பிஸ்டன் எப்படி ஏறும்? அம்மாவின் கொண்டை ஊசியால் சுரண்டி, என் பட்டுச் சால்வை முனையைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தோம். இன்ஜின் ஆயில் பார்க்கிற கம்பியை உருவி, அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக அந்தக் குழாய்க்குள் விட்டான் ஸ்டீபன். இன்னும் கொஞ்ச நேரம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டிருந்தால் எண்ணெய் தானாகவே உருகியிருக்கும். அது பின்னால்தான் உறைத்தது. அப்போது யாருக்கு யோசிக்க நேரம்? இதற்குள் அம்மாவின் எண்ணெயும் உருகி விளக்கும் எரிந்துவிட்டது. கார் மலை அதிர ஏறியது. அம்மா சாகும்வரை அது ரோதமுனியின் வேலை என்றுதான் சொன்னார். "அவருக்கும் பங்கு இருக்குல்ல மச்சான்" என்று பூசைக்குப் போகிற ஸ்டீபனும் ஒத்துக்கொண்டான்.

டயகமவில் மேளம் நின்றிருந்தது. டீமேக்கர் ஐயா ஃபெக்டரி வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார் என்று பிறகு சொன்னார்கள். பனியில் கார் தெரிவதற்கு முன்னால் சத்தம் கேட்டிருக்கிறது. மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, "வாசிங்கப்பா" என்று மட்டும் சொன்னாராம்.

நேரம் இன்னும் தப்பவில்லை. கையை ஒழுங்காகக் கழுவக்கூட நேரமில்லை, அவ்வளவுதான். தாலிக் கயிற்றை எடுத்தபோது என் விரல்கள் பதிந்து மஞ்சள் கயிறு கறுத்தது. முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, குனிந்த தலை நிமிராமல் பத்மா கேட்டாள்:

"என்னவாம் அதுக்கு?"

"தேங்காண்ண."

"என்னது?"

"தேங்காண்ண ஒறஞ்சிருச்சு."

பத்மா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், தோள் குலுங்க, பல் தெரிய. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார். கல்யாண போட்டோவில் வாய்விட்டுச் சிரிக்கிற பொம்பளையை அந்தக் காலத்தில் யார் பார்த்திருப்பார்கள்? டீமேக்கர் ஐயாவுக்கு அந்தப் படம் பிடிக்கவேயில்லை. எங்கள் வீட்டில் அதுதான் முன்னறையில் தொங்கியது. இரண்டு நாள் கழித்து அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நான் தெனம் காலையில அடுப்போரம் போத்தல வெச்சுத்தானே தலை சீவுறேன். என்ன எண்ணன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!" அந்தக் கோபம் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்ட விருப்பமில்லை. ஸ்டீபன் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்து, நீலகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். "இங்கயும் எண்ண ஒறையுது மச்சான்" என்று ஒரு தரம் எழுதினான். பிறகு எழுத்து நின்றுவிட்டது. அவன் இல்லாமல் எனக்குக் காரைக் கழற்ற மனம் வரவில்லை, விற்றுவிட்டேன். எண்பத்து மூன்று கலவரத்தில் கடைத்தெருவுக்கு நெருப்பு வைத்தபோது எங்கள் வீடும் போனது, அந்தப் படமும் போனது. அதன் பிறகு வீட்டில் எது பழுதானாலும், இஸ்திரிப்பெட்டியோ, ரேடியோவோ, மகளுடைய சைக்கிளோ, நான் கழற்றிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பத்மா பக்கத்தில் வந்து குந்திக்கொள்வாள். கேட்பது அதே கேள்விதான். பதில் தெரியும்வரை எழுந்து போகமாட்டாள். அவள் போய் இரண்டு வருஷமாகிறது.

போன வாரத்துப் போத்தலை பால்கனியில் வெயில் விழுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அடியிலிருந்து உருகியது. கட்டி கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு அதுவும் கரைந்தது. சாயந்திரம் மகள் வேலை முடிந்து வரும்போதே ஒரு புதுப் போத்தல் வாங்கி வந்து கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டாள். பழையது நல்லாகிவிட்டதம்மா என்று அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"சரிப்பா, அங்க வைங்க" என்றாள்.

என்னவாம் அதுக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் தலவாக்கலையிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.